உத்தரவு போதாது, ஆள் வேண்டும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இருவரும் அளித்த தீர்ப்பொன்று, தேசத்தில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் நடத்துவோர் அனைவரையும் கட்டுப்படுத்துவதாகும். வைத்தியப் படிப்பின் நுழைவுப் பரீட்சைக்காக விசாகப்பட்டினத்தில் பயின்றுவந்த ஒரு மாணவியின் மரணத்தைக் குறித்து அவளுடைய தகப்பனார் தொடுத்த வழக்கு அது. அந்த ஒரு மரணத்தின் விசாரணையைப் பற்றி உத்தரவிட்டதோடு நில்லாமல், கல்வி ஸ்தாபனங்கள் யாவற்றுக்கும் 15 கட்டளைகளை நீதிபதிகள் பிறப்பித்தனர். நூறு மாணவரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும். சிறு ஸ்தாபனங்கள் வெளியிலுள்ள நிபுணருடன் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மார்க்கைக் கொண்டு மாணவர்களைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதும், பலர் நடுவே அவமதிப்பதும் கூடாது. சிப்பந்திகள் அனைவருக்கும் வருஷத்துக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்கவேண்டும். தக்க சட்டம் இயற்றப்படும் வரையில் இக்கட்டளைகளே சட்டமாக நிற்கும்.

தீர்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் நமது தேசத்தில் உத்தரவுகளுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. உத்தரவு மேலேயிருந்து இலாகாவுக்கு வரும். இலாகாவிலிருந்து ஜில்லா அதிகாரிக்கு வரும். அவரிடமிருந்து தலைமை உபாத்தியாயருக்கு வரும். அவர் தமக்குக் கீழுள்ள ஒரு உபாத்தியாயரைக் கூப்பிட்டு, “இதையும் நீரே பார்த்துக்கொள்ளும்” என்பார். அத்துடன் அந்த உத்தரவின் ஜீவன் போய்விடும். படிவம் மட்டும் மாதந்தோறும் நிரப்பப்பட்டு மேலே திரும்பிச் செல்லும். மாணவரின் மனோ நலத்தைப் பற்றிய இந்த உத்தரவுக்கும் அந்தக் கதி நேராமல் தடுப்பது எப்படி என்பதே இன்று நாம் ஆலோசிக்க வேண்டிய கேள்வி.

விஷயத்தின் பளுவை முதலில் எண்ணிப் பார்ப்போம். 2013-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர் 8,423 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குச் சொல்லிற்று. 2023-ஆம் வருஷத்துக் கணக்கு 13,892 என்கிறது. பத்து வருஷத்தில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் உயர்ந்திருக்கிறது. நாளொன்றுக்கு 38 குடும்பங்களில் விளக்கு அணைகிறது என்று இதற்குப் பொருள். 2022-ஆம் வருஷத்தில் மாண்ட 13,044 மாணவருள் பரீட்சையில் தோற்றதனால் மாண்டவர் 2,248 பேர் என்று மேற்படி தீர்ப்பே கூறுகிறது. இதை நம்மவர் கவனிக்க வேண்டும். பரீட்சை ஒன்றுதான் காரணமென்று எண்ணுவோர் ஆறில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுச் சண்டை, தகப்பனின் குடி, வறுமை, காதல் முறிவு, சகமாணவரின் கேலி, ஜாதி இழிவு, சொல்லொணாத உடற்பலாத்காரம் ஆகிய எத்தனையோ துன்பங்கள் மற்ற ஐந்து பங்கினுள் அடங்கிக் கிடக்கின்றன.

மாண்டோர் கணக்கு இது. மாளாமல் உள்ளுக்குள் வாடுவோர் தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-ஆம் வருஷங்களில் தமிழ்நாடு உள்பட 12 ராஜ்யங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனுமொரு மனோவியாதி உண்டென்று கண்டனர். தேச முழுமைக்கும் இது சுமார் 98 லட்சம் பிள்ளைகள். ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பள்ளிக்கூடமும் இதற்கு விலக்கல்லவென்பது புலனாகும்.

இவர்களைக் கண்டறியப் பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை. மனோவியாதிகளுள் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்கு முன்னும், ஏறக்குறையப் பாதி பதினெட்டு வயதுக்கு முன்னும் தலைகாட்டுகின்றன என்று உலகெங்குமுள்ள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த வயதில் பிள்ளை இருப்பது பள்ளிக்கூடத்தில். தூக்கம் கெடுவது, ஆகாரத்தில் விருப்பமின்மை, முன்பு கலகலவென்றிருந்தவன் ஒதுங்கிக்கொள்வது, நன்றாகப் படித்தவள் திடீரென்று பின்தங்குவது, அடிக்கடி வராமல் நின்றுவிடுவது, “நான் எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன்” என்று பேசுவது ஆகிய குறிகள் வைத்தியரின் கண்ணில் படுவதற்கு வெகுநாள் முன்பே வகுப்பறையில் தென்படும். முளையிலே கண்டுகொண்டால் நான்கு வார்த்தை ஆதரவாகப் பேசுவதும், பெற்றோரை அழைத்து விளக்குவதும் பலருக்குப் போதும். முற்றிய பிறகு ஆஸ்பத்திரியும் மருந்தும் வேண்டியிருக்கும். அவையோ எளிதிற் கிடைப்பனவல்ல. லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனோவைத்தியர்கூட இல்லாத தேசம் இது; 2019-இல் வெளிவந்த கணக்குப்படி லட்சத்துக்கு 0.75 தான்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவனைத் தண்டிக்கும் 309-ஆவது பிரிவு நூறு வருஷத்துக்கு மேல் நம் தலைமேல் நின்றது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவனைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவனாகவே கருதவேண்டுமென்று கூறிற்று. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றச் சட்டத்தில் பழைய பிரிவே இடம்பெறவில்லை. தமிழ்நாட்டிலும் சில நல்ல காரியங்கள் நடந்துள்ளன. பரீட்சையில் தவறிய பிள்ளை ஒரு வருஷம் வீட்டிலிருந்து ஊரார் ஏச்சைக் கேட்கவேண்டியதில்லை, சில வாரங்களிலேயே மறுபரீட்சை எழுதலாம் என்ற ஏற்பாடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1986-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்நேகா என்ற தொண்டு ஸ்தாபனத்தார் இதற்காக விடாமல் வாதாடினர். முதல் மூன்று ஸ்தானம் பெற்றவர்களின் பட்டியலைப் பிரசித்தம் செய்யும் வழக்கத்தை 2017-இல் சர்க்கார் கைவிட்டனர். பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையை 2025-ஆம் வருஷத்து ராஜ்யக் கல்விக் கொள்கை நீக்கிற்று. இவையெல்லாம் மருந்து புகட்டாமலே நோயைக் குறைக்கும் வழிகள். பிள்ளையின் மனத்தைத் திருத்துவதற்கு முன்னே பிள்ளையை நெருக்கும் ஏற்பாட்டைத் திருத்தவேண்டும் என்ற நல்லறிவு இவற்றில் இருக்கிறது.

ஆனால் ஏற்பாட்டைத் திருத்தியபின்னும் துன்பப்படும் பிள்ளை ஒன்று எதிரே நிற்கிறதே, அதனோடு பேசுவது யார்? இங்கேதான் சர்க்காரின் யோசனை தடுமாறுகிறது. 2020-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பள்ளி ஆரோக்கியத் திட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் ஆக இரண்டு உபாத்தியாயர்கள் ‘ஆரோக்கியத் தூதர்’களாக நியமிக்கப்படுகின்றனர், வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் பாடம் நடத்தவேண்டும். செலவில்லாத ஏற்பாடுதான். ஆனால் அந்த உபாத்தியாயரின் நிலைமை என்ன? பாடம் முடிக்கவேண்டும், விடைத்தாள் திருத்தவேண்டும், ‘எமிஸ்’ என்னும் கணிப்பொறிப் பதிவேட்டில் வருகை முதல் சீருடை வரை நாள்தோறும் ஏற்றவேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கும், ஜனக்கணிப்பு வந்தால் தெருத்தெருவாகவும் செல்லவேண்டும். இவற்றுக்கிடையே ஒரு பிள்ளையின் மனத்தைத் திறக்கும் பொறுமைக்கு அவர் எங்கே போவார்? அன்றியும், மார்க்குப் போடும் கையும் கண்டிக்கும் கையும் ஒன்றாயிருக்க, அக்கையிடமே தன் இரகசியத்தை ஒப்படைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

இது நமது ஊகம் மட்டுமன்று. பீஹாரில் நாளந்தா ஜில்லாவில் நடந்த ஒரு பரிசோதனை இதை ஐயத்துக்கிடமின்றி விளக்கியிருக்கிறது. அதன் முடிவுகள் 2018-இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயின. 74 சர்க்கார் உயர்தரப் பள்ளிக்கூடங்களை மூன்று தொகுதியாகப் பிரித்தார்கள். மூன்றிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடம் உண்டு. முதல் தொகுதியில் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் மனோ நலப் பணிகளைப் பயிற்சி பெற்ற உபாத்தியாயரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவதில் அதே பணிகளை, அதற்கென்றே நியமித்த ஒரு ஆலோசகரிடம் ஒப்படைத்தார்கள். அவர் வைத்தியருமல்லர், மனோதத்துவ நிபுணருமல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே. சுவர்ப் பத்திரிகை நடத்துவது, பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப்போட ஒரு பெட்டி வைப்பது, காலைக் கூட்டத்தில் பேசுவது, போட்டிகள் நடத்துவது, தனியே வரும் பிள்ளையிடம் ஆற அமரப் பேசுவது, இவையே அவர் வேலை. முடிவு என்ன? ஆலோசகர் இருந்த பள்ளிக்கூடங்களில் மனச்சோர்வு குறைந்தது. கேலியும் அடிதடியும் குறைந்தன. பள்ளிக்கூடத்தின் மீதே பிள்ளைகளுக்குப் பிரியம் உண்டாயிற்று. உபாத்தியாயரிடம் ஒப்படைத்த பள்ளிக்கூடங்களில், ஒன்றுமே சேர்க்காதவற்றைக் காட்டிலும் யாதொரு மேன்மையும் காணப்படவில்லை.

பணி ஒன்று, பள்ளி ஒன்று, பிள்ளைகளும் ஒருவகையினரே. வேற்றுமை ஆளில்தான். உபாத்தியாயர்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் பொருள். அவர்கள் தோளில் இடமில்லை என்பதே பொருள். தமிழ்நாட்டைவிட வசதியிற் குறைந்த பீஹாரில், நிபுணர்களின்றியே, இது சாத்தியமாயிற்று என்பதை நம் மந்திரிகளும் அதிகாரிகளும் மறவாதிருக்க வேண்டும்.

ஐரோப்பாவின் அனுபவமும் இதனோடு ஒத்தே நிற்கிறது. 10 தேசங்களில் 168 பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 11,110 பிள்ளைகளிடையே நடந்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. ஒரு தொகுதியில் உபாத்தியாயருக்குப் பயிற்சி அளித்தனர். ஒரு தொகுதியில் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்திலிருப்போரைப் பொறுக்கி நிபுணரிடம் அனுப்பினர். மற்றொன்றில் வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் சில வாரங்கள் பிள்ளைகளைக் கலந்து பேசவும் நடித்துக் காட்டவும் வைத்து, தம் மனத்தையும் தோழர் மனத்தையும் அறிந்துகொள்ளச் செய்தார். வருஷக் கடைசியில், இந்தக் கடைசித் தொகுதியில்தான் உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. மற்ற இரண்டும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. இங்கிலாந்திலோ, வகுப்பு முழுவதையும் கண்மூடித் தியானிக்கச் சொல்லிக் கொடுக்கும் முறை 8,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளிடையே பரீக்ஷிக்கப்பட்டது. உபாத்தியாயர்களே நடத்திய அந்தப் பாடம் வழக்கமான போதனையைக் காட்டிலும் மேலல்ல என்று 2022-இல் தெரியவந்தது.

ஆகவே நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒரு நாள் பிரசங்கமோ, ஒரு மணி நேர யோகமோ, சுவரில் ஒட்டிய டெலிபோன் எண்ணோ கட்டளையை நிறைவேற்றியதாகாது என்பது முதலாவது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்கும் டெலிமானஸ் சேவையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2022-இல் தொடங்கிய அந்தச் சேவை, மனம் கலங்கிய எவரும், அவரைச் சேர்ந்தவர்களும், இன்றே கூப்பிடத்தக்கது; தமிழிலேயே பேசலாம். ஆனால் எண்ணைச் சுழற்றும் தெம்பு வராத பிள்ளைக்கு அருகில் ஒரு மனிதர் வேண்டும். இரண்டாவது, பிள்ளைகளைச் சல்லடையில் சலித்து ‘மனநோயாளி’ என்று முத்திரை குத்தும் வேலையில் இறங்கலாகாது. அப்பட்டியல் தலைமை உபாத்தியாயரின் மேஜையில் கிடந்தால் மறுநாள் ஊர் முழுதும் தெரியும். பெண்பிள்ளையாயின் படிப்பே நின்றுபோகும். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சிப் பலர் பேசாதிருக்கின்றனர். அது தவறான அச்சம். அன்புடன் நேரே கேட்பது தீங்கு செய்வதில்லை; அடைபட்ட மனத்துக்கு வழி திறக்கிறது என்பதே நிபுணர்கள் கண்ட உண்மை.

தனி ஆள் வேண்டும் என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதுமன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் ஜாதித் துவேஷத்தால் வீட்டிலேயே வெட்டுண்ட கொடுமைக்குப் பின், மாஜி நீதிபதி கே. சந்துருவைச் சர்க்கார் ஆராயச் சொன்னார்கள். 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையிலுள்ள சிபார்சுகளுள் ஒன்று, பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் ‘பள்ளி நல அதிகாரி’ என்ற தனிப் பதவி வேண்டுமென்பது. நாளந்தாவின் ஆராய்ச்சி, சந்துருவின் சிபார்சு, சுப்ரீம் கோர்ட்டின் கட்டளை ஆகிய மூன்றும் மூன்று வழியாக வந்து ஒரே வாசலில் நிற்கின்றன. கதவைத் திறக்கவேண்டியது சர்க்கார்.

“பணம் எங்கே?” என்று கஜானாவின் காவலர்கள் கேட்பார்கள். கணக்கிட்டே பார்ப்போம். தமிழ்நாட்டில் சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கூடங்கள் 6,000-க்குச் சற்று அதிகம். பள்ளிக்கு ஒருவராக 6,000 பேரை மாதம் 25,000 ரூபாய்க்கு நியமித்தால் வருஷத்துக்கு 180 கோடி ரூபாய் ஆகும். பள்ளிக் கல்விக்கென்று 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை 46,767 கோடி. நூறு ரூபாயில் நாற்பது காசுகூட இல்லை! பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் இன்னும் அவ்வளவே சேர்த்தாலும் ரூபாய்க்கு ஒரு காசு எட்டாது. உளவியலும் சமூக சேவையும் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பட்டதாரிகள், அதிலும் பெண்கள், ஒவ்வொரு தாலூகாவிலும் இருக்கிறார்கள். ஆளுமுண்டு, பணமுமுண்டு, இல்லாதது தீர்மானம்.

“எங்கள் காலத்தில் ஆலோசகர் யார்? பிரம்புதான்!” என்று பெருமை பேசுவோரும் உளர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் எத்தனை பேர், கிணற்றங்கரையில் முடிந்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அன்று பாட்டி இருந்தாள், திண்ணை இருந்தது, மாமன் வீடு இருந்தது. இன்று திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கச் சென்ற தாய் தகப்பன்மார் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறார்கள். பிள்ளைக்குக் கையிலுள்ள டெலிபோன்தான் துணை. குடும்பம் இழந்த இடத்தைப் பள்ளிக்கூடம் ஓரளவேனும் நிரப்பாவிட்டால் வேறு யார் நிரப்புவார்?

நியமிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஆலோசகருக்குப் பாடவேளையோ, பரீட்சை மேற்பார்வையோ, ஒழுங்கு நடவடிக்கை அதிகாரமோ தரலாகாது. பிறர் காதில் விழாத ஓர் அறை வேண்டும். பிள்ளை சொல்வதை அவர் இரகசியமாகக் காக்கவேண்டும். உயிருக்கு ஆபத்து, உடற்பலாத்காரம் ஆகிய இரண்டிலும் மட்டும், பிள்ளைக்குச் சொல்லியே, சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யவேண்டும். தம்மால் இயலாததை அனுப்ப ஜில்லா மனநலத் திட்டத்து வைத்தியர் ஒருவர் குறித்த நாளில் கிடைக்கவேண்டும். ஆலோசகரின் வேலையை அவர் நிரப்பிய தாள்களைக் கொண்டு அளக்காமல், நெடுநாள் வராத பிள்ளைகளுள் எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்பதைக் கொண்டு அளக்கவேண்டும். பல பள்ளிகளுக்கு ஒருவரென்று வண்டியில் வந்துபோகும் ஏற்பாடு இதற்கு ஈடாகாது. பிள்ளை உடைந்துபோகும் நாளும் வண்டி வரும் நாளும் ஒன்றாயிருக்குமென்று யார் உறுதி சொல்வார்?

தனியார் பள்ளிக்கூடங்களை நாம் மறக்கவில்லை. நாமக்கல் முதலிய இடங்களில் விடுதியில் வைத்து விடிவதற்கு முன்னே பிள்ளைகளை எழுப்பி மார்க்குக் காய்ப்பிக்கும் தோட்டங்களுக்கும் தீர்ப்பு பொருந்தும். ஜில்லாக் கலெக்டரின் தலைமையில் கண்காணிப்புக் கமிட்டி வேண்டுமென்று அதுவே சொல்கிறது. அந்தக் கமிட்டி உங்கள் ஜில்லாவில் கூடிற்றா? யார் யார் அங்கத்தினர்? எத்தனை பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டார்கள்? இக்கேள்விகளைக் கேட்க ஒவ்வொரு பிரஜைக்கும் பாத்தியதை உண்டு.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. கிராம சபையில் உங்களுக்குக் குரலுண்டு. தகவல் பெறும் சட்டம் கையிலிருக்கிறது. “எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் யார்? அவர் பெயர் என்ன? எந்த அறையில் உட்காருகிறார்?” என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு ஊரிலும் எழுப்புங்கள். ஓர் உபாத்தியாயரின் பெயரைச் சொல்லி மழுப்பினால் ஏற்காதீர்கள். வோட்டுக் கேட்டு வருவோரிடமும், எக்கட்சியாயினும் சரி, இதையே கேளுங்கள்.

வருகிற கல்வி வருஷத்திலேயே 6,000 பேரையும் நியமிக்க இயலாதெனில், ஜில்லாவுக்கு ஐம்பது பள்ளிக்கூடங்களிலேனும் தொடங்கி, மூன்று வருஷத்தில் முடிப்பதாகச் சட்டசபையில் தேதி குறித்துச் சொல்லட்டும். தேதியில்லாத வாக்குறுதியை நாம் வாக்குறுதியாகக் கொள்ளோம். ஏனெனில் நாம் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் 38 என்ற அந்த எண்ணோடு கூட்டப்படுகிறது.